இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஒருவர் பென்டிரைவை நீட்டி, "அந்த சாஃப்ட்வேரை எனக்கும் போட்டுக் கொடுங்களேன்" என்று கேட்கிறார். கொடுக்கிறவர் ஒரு கணம் தயங்குகிறார். கொடுக்கலாமா, கூடாதா? நம்மில் பலர் கொடுத்துவிடுகிறோம். மனசுக்குள் மட்டும் ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோல் ஓர் உறுத்தல் இருக்கும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அந்த உறுத்தல் நியாயம்தான். 'ஒரு கணினிக்கு மட்டும்', 'பிறருக்குத் தரக் கூடாது' என்றெல்லாம் உரிமத்தில் எழுதியிருக்கும். நாம்தான் படிக்காமலே 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தியிருப்போம்.

ஆனால் கேட்கப்பட்டது வீடியோ பார்க்க உதவும் விஎல்சி, ஆவணம் எழுத உதவும் லிப்ரே ஆபிஸ், படம் திருத்தும் ஜிம்ப், முப்பரிமாணப் படம் உருவாக்கும் பிளெண்டர் போன்ற ஒன்றாக இருந்தால் தயக்கத்துக்கு இடமே இல்லை. அவற்றின் உரிமமே 'கொடு' என்கிறது. ஒருவருக்குக் கொடுக்கலாம், ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம், வாங்கியவர் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இப்படிப்பட்டவற்றைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். திறமூல மென்பொருள், ஓபன் சோர்ஸ் என்ற பெயர்களும் உண்டு.

'கட்டற்ற' என்ற சொல்லை முதலில் பிடித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். இந்தக் குழப்பத்தை விளக்கியே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் நாற்பது ஆண்டுகளாகத் தொண்டை வறண்டு போயிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்பது விலையைப் பற்றிய சொல். கட்டற்றது என்பது உரிமையைப் பற்றிய சொல். காசு கேட்காமல் கிடைக்கும் செயலிகளில் பெரும்பாலானவை கட்டற்றவை அல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, மாற்ற முடியாது, நாளைக்கே கட்டணம் கேட்டால் கொடுப்பதைத் தவிர வழியும் இருக்காது. மறுபக்கம், கட்டற்றதை விற்கவும் செய்யலாம். இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985 வாக்கில் ஈமேக்ஸ் என்ற தன்னுடைய உரை எழுதும் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் கொஞ்ச காலம் பிழைப்பை ஓட்டினார். வாங்கியவர் அதை நூறு பேருக்குச் சும்மா படியெடுத்துக் கொடுத்தாலும் அவர் தடுக்க முடியாது. தடுக்கக் கூடாது என்பதுதான் அவருடைய கொள்கையே.

மூல நிரல் என்றால் என்ன?

நிரல் எழுதிப் பழகாதவர்களுக்கு 'மூல நிரல்' என்ற சொல் மந்திரம்போல ஒலிக்கும். மிகச் சிறிய நிரல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. எழுதியவர் அவசரக்காரர். 'இந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழி; வந்ததைக் காட்டு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 2000 டிசம்பரில் பிறந்தவர் 2025 மார்ச்சில் இதை இயக்கிப் பார்த்தால் 25 என்று காட்டும். உண்மையில் அவருக்கு 24 தான். பிறந்தநாள் இன்னும் வரவில்லை.

மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய அந்த வரிதான் மூல நிரல். கம்பைலர் என்ற இன்னொரு நிரல் அதை எந்திரத்துக்கு மட்டும் புரியும் எண்களாக மாற்றுகிறது. நாம் நிறுவும் கோப்பில் பெரும்பாலும் இருப்பது அந்த எண்கள் மட்டுமே. அதை இயக்கலாம்; எந்த வரி தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்துவது பெரும்பாடு. முடியவே முடியாது என்றில்லை. சாம்பலைப் பார்த்து எந்த மரத்து விறகு என்று சொல்கிற திறமைசாலிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மூல நிரல் கையில் இருந்தால் அந்தத் திறமை தேவையில்லை. 'இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லையென்றால் ஒன்றைக் குறை' என்று இன்னொரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நான்கு உரிமைகளைச் சொல்கிறது. நிரலர் வழக்கப்படி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் வயதுக் கணக்கியை வைத்தே அவற்றைப் பார்த்துவிடலாம். அதை எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம் என்பது பூஜ்யமாவது உரிமை: பள்ளியிலும் சரி, மருத்துவமனையிலும் சரி, லாபம் பார்க்கும் கம்பெனியிலும் சரி. உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றிக்கொள்வது முதலாவது. மூல நிரல் இல்லாமல் இது நடக்காது. உள்ளபடியே பிறருக்குப் படியெடுத்துத் தருவது இரண்டாவது. நாம் திருத்திய வடிவத்தைப் பிறருக்குத் தருவது மூன்றாவது. நான்கில் ஒன்று குறைந்தாலும் அது கட்டற்றதல்ல. 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று உரிமத்தில் ஒரு வரி இருந்தால், மூல நிரல் முழுக்கத் திறந்து கிடந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

மூன்றாவது உரிமைதான் ஒரு சமூகத்தை உருவாக்குகிறது என்பது என் எண்ணம். அதற்கு முந்தைய மூன்றும் தனி மனிதருக்குப் போதும். திருத்தியதைப் பிறருக்குத் தர முடிந்தால்தான் ஒருவர் பட்ட பாட்டை அடுத்தவர் மறுபடி பட வேண்டாம் என்ற நிலை வரும்.

ஒரு பிரிண்டரின் கோளாறு

ஸ்டால்மன் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு பழைய பிரிண்டர் இருந்தது. காகிதம் சிக்கினால், அச்சுக்காகக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி அதன் நிரலை ஆய்வகத்தார் தாங்களே மாற்றி வைத்திருந்தார்கள். யாராவது எழுந்துபோய்க் காகிதத்தை உருவிவிட்டு வருவார்கள். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. வேகமானது, அழகாக அச்சிடும். ஆனால் மூல நிரல் வரவில்லை. காகிதம் சிக்கினால் யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லாருடைய அச்சும் நின்று கிடக்கும். அந்த மூல நிரல் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதை அறிந்து ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

மறுத்தவர் கெட்டவர் இல்லை. ஒப்பந்தம் அவர் கையைக் கட்டியிருந்தது. தெரிந்ததைச் சக தொழிலாளிக்குச் சொல்வது குற்றமாகிற ஏற்பாடு எப்படி வந்தது என்பதுதான் ஸ்டால்மனை உறுத்தியது. 1983 செப்டம்பர் 27 அன்று 'க்னூ' என்ற முழு இயங்குதளத்தையே (விண்டோஸ் போல, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கட்டற்றதாக எழுதப்போவதாக அறிவித்தார். 1985இல் அறக்கட்டளை வந்தது, 1989இல் ஜிபிஎல் என்ற பொது உரிமம் வந்தது. 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும் இது வெறும் பொழுதுபோக்குதான் என்றும் அறிவித்தார். அடுத்த ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார். அந்தப் பொழுதுபோக்குதான் லினக்ஸ். ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியில் இருப்பது அதுவே. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் அத்தனையும் அதில்தான் ஓடுகின்றன.

'ஓபன் சோர்ஸ்' என்ற பெயர் 1998இல்தான் வந்தது. சுதந்திரம், கொள்கை என்று பேசினால் கம்பெனிக்காரர்கள் ஓடுகிறார்கள், நடைமுறைப் பலனைச் சொல்லலாமே என்று நினைத்தவர்கள் வைத்த பெயர். இரண்டு முகாமும் இன்றுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தாலும், கையில் கிடைக்கும் மென்பொருள் பெரும்பாலும் ஒன்றேதான்.

உரிமம்: அந்தச் சின்னக் கோப்பு

இணையத்தில் யாரோ ஒருவர் தன் நிரலை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார். உரிமம் என்று எதுவும் இணைக்கவில்லை. எடுத்துப் பகிரலாமா? கூடாது. எழுதிய கணமே பதிப்புரிமை (காப்பிரைட்) எழுதியவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் வாய் திறந்து 'எடுத்துக்கொள்' என்று சொல்லாதவரை நமக்கு உரிமை இல்லை. நல்ல மனதோடு நிரலை வெளியிட்டுவிட்டு உரிமம் வைக்க மறந்தவர்கள் ஏராளம். கதவைத் திறந்து வைத்துவிட்டு 'உள்ளே வாருங்கள்' என்று சொல்ல மறந்த மாதிரி. இப்படிக் கண்டால், 'உரிமம் ஒன்று சேர்க்க முடியுமா?' என்று எழுதிக் கேளுங்கள். பலர் அன்றைக்கே சேர்த்துவிடுவார்கள்.

உரிமங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் தொடக்கத்தில் இரண்டு குணங்களை அறிந்தால் போதும். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்றவை தாராளக் குணம் கொண்டவை. எம்ஐடி உரிமம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். 'என்ன வேண்டுமானாலும் செய்துகொள்; என் பெயரும் இந்த உரிமமும் கூடவே இருக்கட்டும்; ஏதாவது கெட்டுப்போனால் என்னைக் கேட்காதே' என்பதுதான் அதன் சாரம். நம் வயதுக் கணக்கியை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டால், ஒரு கம்பெனி அதை எடுத்துத் திருத்தி, மூடி முத்திரை வைத்து விற்கலாம். ஜிபிஎல் அப்படி விடாது. திருத்தியதை வெளியே கொடுக்கிறாயா, அப்படியானால் திருத்திய மூல நிரலையும் இதே உரிமத்தில் கொடு என்கிறது. இதற்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர். வாங்கும்போது கிடைத்த உரிமையைக் கொடுக்கும்போது பறிக்காதே என்பதுதான் விஷயம். உங்களுக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்தினால் எதையும் வெளியிட வேண்டியதில்லை. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஜிபிஎல் என்றாலே பயப்படுகிறார்கள்.

இந்த நிபந்தனைக்குப் பல் உண்டா? 2003இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை நிரலர்கள் கண்டுபிடித்து, ஜிபிஎல்படி மூல நிரலைத் தரச் சொன்னார்கள். நிறுவனம் வெளியிட்டது. அதை அடித்தளமாக வைத்து ஆர்வலர்கள் கட்டியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. இன்று எத்தனையோ வகை ரவுட்டர்களில் அது ஓடுகிறது. தயாரித்தவர்கள் கைவிட்ட பழைய பெட்டிகளுக்கும் மறுவாழ்வு கொடுக்கிறது. 2008இல் மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு கட்டற்ற நிரலைப் பற்றிய வழக்கில், உரிம நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. பொம்மை ரயில் விவகாரம் என்று சிரித்தவர்கள் அதன்பின் சிரிக்கவில்லை.

திருத்தம் எப்படி ஊர் சுற்றுகிறது?

வயதுக் கணக்கிக்குத் திரும்புவோம். உங்கள் கணினியில் பிழையைத் திருத்திவிட்டீர்கள். அதோடு விட்டால் பயன் உங்களுக்கு மட்டும். அதுவும் அடுத்த பதிப்பு வரும்போது உங்கள் திருத்தம் காணாமல் போய்விடும். மறுபடி செய்ய வேண்டும். திருத்தத்தை, நிரலை எழுதியவருக்கே திருப்பி அனுப்பினால் அடுத்த பதிப்பிலேயே அது சேர்ந்துவரும். ஆகவே பிழை கண்டவர் மூலத் திட்டத்துக்கு எழுதுவது தர்மம் மட்டுமல்ல, சோம்பேறிக்கும் அதுதான் நல்லது. ஒரு மாதம் கழித்து வேறு யாரோ எழுதுகிறார்: 'நான் பிப்ரவரி 29இல் பிறந்தவன். லீப் ஆண்டு அல்லாத ஆண்டுகளில் உங்கள் நிரல் நின்றுவிடுகிறது.' முதலில் எழுதியவருக்கும் தோன்றவில்லை, திருத்திய உங்களுக்கும் தோன்றவில்லை. அந்தத் தேதியில் பிறந்தவருக்குத்தான் தோன்றியது. பலர் கூடும்போது கிடைக்கும் லாபம் இதுதான். கூடுதல் ஆள் என்பதைவிட, நமக்கு வராத சிக்கல் வருகிற ஆள் என்பதே முக்கியம்.

நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் இதில் வேலை உண்டு. நல்ல பிழை அறிக்கை எழுதுகிறவரைப் பராமரிப்பாளர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 'வேலை செய்யவில்லை, சீக்கிரம் சரிசெய்யவும்' என்பது அறிக்கை அல்ல, அதட்டல். 'பதிப்பு 2.1. பிறந்த தேதி 29-02-2004 என்று கொடுத்தேன். 21 என்று வரும் என எதிர்பார்த்தேன். தேதி தவறு என்று செய்தி வந்து நிரல் மூடிக்கொண்டது. 28-02-2004 என்று கொடுத்தால் சரியாக வருகிறது' என்பது அறிக்கை. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. கடைசி வாக்கியம் தங்கம். பிழை எங்கே இல்லை என்பதையும் அது காட்டிவிடுகிறது.

நான் முதன்முதலில் அனுப்பிய திருத்தம் ஓர் உதவிப் பக்கத்தில் இருந்த எழுத்துப்பிழை. ஒரே எழுத்து. ஏற்றுக்கொண்டு 'நன்றி' என்று பதில் வந்தபோது ஏதோ பாலம் கட்டியதுபோல இருந்தது. மொழிபெயர்ப்பும் அப்படித்தான். திரையில் 'கோப்பு', 'திற', 'ஒட்டு' என்று தமிழில் பார்க்கிறோமே, ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 'சேமி' என்பதா, 'சேமிக்க' என்பதா என்று கணினிக்குக் கட்டளையிடும் தொனியைப் பற்றி அவர்களுக்குள் நடக்கும் சண்டைகள் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

சமூகத்துக்குள் ஒத்துப்போகாமலும் போகலாம். அப்போது மூல நிரலைப் படியெடுத்துக்கொண்டு தனிவழி போவதற்கு ஃபோர்க் என்று பெயர். ஓபன் ஆபிஸ் திட்டத்தின் உரிமை ஆரக்கிள் நிறுவனத்துக்குக் கைமாறியபின், அதில் உழைத்தவர்கள் பலர் 2010 செப்டம்பரில் பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். இன்று அதுதான் உயிர்ப்போடு இருக்கிறது. மூன்றாவது உரிமை இல்லையென்றால் அவர்கள் வெறுங்கையோடு போயிருப்பார்கள்.

திறந்திருப்பதால் பத்திரமா?

எல்லாரும் பார்க்கலாம் என்பதால் ஓட்டை இருக்காது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். நம்பாதீர்கள். பார்க்கலாம் என்பது வேறு, பார்க்கிறார்கள் என்பது வேறு. தகவலைப் பிறர் படிக்காதபடி மறைத்து அனுப்பும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரல் இணையத்தில் பாதிக்கு மேல் பூட்டுச் சாவியாக இருந்தது. அதைப் பராமரித்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2012இல் வெளியான பதிப்பில் நுழைந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை 2014 ஏப்ரலில்தான் உலகம் அறிந்தது. இரண்டு ஆண்டுகள் அது திறந்தே கிடந்தது.

2024இல் நடந்தது இன்னும் நூதனம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய நிரலை ஏறத்தாழ ஒற்றை ஆளாக ஒருவர் பராமரித்துவந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்களாக அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்தார். வேறு சில பெயர்கள் 'ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா' என்று பராமரிப்பாளரை நச்சரித்தன. பொறுப்பு கைக்கு வந்ததும் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு ஒன்று, அதாவது பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, நுழைக்கப்பட்டது. அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். பாதுகாப்பு ஆய்வு எதுவும் அவர் செய்யவில்லை. தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவது ஏன் என்று தோண்டினார். மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். பெரும்பாலான கணினிகளுக்கு அது போய்ச் சேருவதற்குள் தடுத்தாயிற்று.

இதில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூல நிரல் கையில் இருந்ததால்தான் அவரால் அடிவரை தோண்ட முடிந்தது. அதே சமயம், களைத்துப்போன ஒற்றை மனிதரின் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டு நாம் எல்லாரும் சும்மா பயன்படுத்திக்கொண்டிருந்ததால்தான் திருடனுக்கு வழி கிடைத்தது. பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஆண்டுக்கொருமுறை கொஞ்சம் நன்கொடை, முடியாவிட்டால் மரியாதையான ஒரு பிழை அறிக்கை, அதுவும் முடியாவிட்டால் குறைந்தபட்சம் நச்சரிக்காமல் இருப்பது. இவ்வளவாவது நம்மால் ஆகும்.

உங்கள் குழுவுக்குள் பகிரும்போது

இப்போது பென்டிரைவுக்காரருக்கு வருவோம். நிறுவல் கோப்பை மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் 'இலவச டவுன்லோடு' தளங்கள் பலவற்றில் கூடவே வேண்டாத சரக்கும் ஒட்டிக்கொண்டு வரும். இறக்கியதும் சரிபார்ப்புத் தொகையை, அதாவது கோப்பின் கைரேகையைப் பாருங்கள். ஷா-256 என்ற முறையில் ஒரு கோப்பிலிருந்து 64 எழுத்துகள் கொண்ட கைரேகை ஒன்றைக் கணக்கிடலாம். கோப்பில் ஒரேயொரு எழுத்து மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். தளத்தில் போட்டிருக்கும் கைரேகையும் உங்கள் கணினி கணக்கிட்டதும் ஒன்றாக இருந்தால் கோப்பு வழியில் கெடவில்லை என்று பொருள். 64 எழுத்தையும் கண்ணால் ஒப்பிட்டுக் கஷ்டப்பட வேண்டாம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தால் வித்தியாசம் தானே துருத்தும்.

கொடுக்கும்போது உரிமக் கோப்பை நீக்காதீர்கள். நீங்கள் திருத்தியிருந்தால், திருத்தியது என்று வெளிப்படையாக எழுதிவையுங்கள். அசல் எழுதியவரின் பெயருக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. ஜிபிஎல் மென்பொருளைப் படியெடுத்துக் கொடுக்கும்போது அந்தப் பதிப்பின் மூல நிரலும் அவருக்குக் கிடைக்க வழி இருக்க வேண்டும். அதனால் திருத்தாத கோப்பாக இருந்தாலும், மூல நிரல் தொகுப்பையும் அதே பென்டிரைவில் போட்டுவிடுவதுதான் வம்பில்லாத வழி.

குழுவில் பலர் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தினால், கேள்விகள் வந்து சேர ஓர் ஆள் இருக்கட்டும். அவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை. உதவிப் பக்கத்தைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும். கோப்புகளைத் திறந்த வடிவத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். லிப்ரே ஆபிஸின் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் அங்கீகாரம் பெற்றது. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் ஆவணங்கள் உங்களோடு வரும்.

கடைசியாக, பென்டிரைவில் ஒரு சிறு உரைக்கோப்பு போட்டுக் கொடுங்கள். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எந்தத் தேதியில் எந்த முகவரியிலிருந்து இறக்கியது, பிழை கண்டால் யாருக்கு எழுத வேண்டும் என்ற நாலு வரி போதும். அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து கேட்டால் அந்தப் பழைய கோப்பை எடுத்துக் கொடுக்காதீர்கள். அதை அழித்துவிட்டு, உரைக்கோப்பில் உள்ள முகவரிக்குப் போய்ப் புதியதை இறக்குங்கள்.